மணல்திட்டில் இறங்கிய மஞ்சள் விமானம்



மிஷனெரி சரித்திரம் என்றால் பிரசங்கித்தவர்களைப் பற்றித்தான் அதிகம் படித்திருக்கிறோம். ஸ்பேனர் பிடித்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கொஞ்சம்பேர்தான். இந்த முறை அப்படி ஒரு மெக்கானிக்கைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அவர் பெயர் நேட் செயின்ட்.

1923ம் வருஷம் ஆகஸ்ட் 30ந் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு. தகப்பனார் தேவாலய ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி செய்கிற ஓவியர். அண்ணன் சாம் விமானி. ஏழு வயதில் அண்ணனோடு விமானத்தில் ஏறிய நாளிலிருந்து இந்தப் பையனுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆனால் என்ன ஆச்சு? சிறுவயதில் காலெலும்பில் ஒரு நோய் வந்து ஆறியிருந்தது. இரண்டாம் உலகப்போர் சமயம் ராணுவத்தில் விமானம் ஓட்டப் பயிற்சி தொடங்கவேண்டிய நேரத்தில், அந்தப் பழைய புண் மறுபடி தலையெடுத்தது. பைலட் ஆகும் வாசல் அடைபட்டது. மெக்கானிக் வேலைதான் கிடைத்தது. அன்றைக்கு அவர் எவ்வளவு நொந்துபோயிருப்பார்! ஆனால் பிற்காலத்தில் காட்டுக்குள் அவரைக் காப்பாற்றியது அந்த மெக்கானிக் கைதான்.

போர் முடிந்து 1946ல், மிஷனெரி ஏவியேஷன் பெல்லோஷிப் என்ற புதிய ஸ்தாபனத்தின் விமானம் ஒன்று மெக்சிகோவில் அடிபட்டுக் கிடந்தது. இறக்கையைச் சீராக்க நேட் அனுப்பப்பட்டார். வசதியான பட்டறை கிடையாது. கிடைத்த சாமானை வைத்து வேலையை முடித்தார். 1948 பிப்ரவரியில் மார்ஜ் என்ற சகோதரியை மணந்தார். அதே வருஷம் இருவரும் தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் தேசத்துக்குப் போய், ஷெல் எண்ணெய்க் கம்பெனி விட்டுப்போன ஷெல் மேரா என்ற இடத்தில் குடியேறினார்கள்.

அங்கே கிழக்கே பார்த்தால் முழுக்கக் காடு. ஒரு மிஷன் ஸ்டேஷனிலிருந்து அடுத்ததற்கு நடந்துபோகச் சேற்றிலும் ஆற்றிலும் நாள்கணக்கு ஆகும். விமானத்தில் சில நிமிஷம். மருந்து, அரிசி, மண்ணெண்ணெய், பிரசவ வேதனைப்படுகிற தாய், எல்லாம் நேட்டின் சின்ன விமானத்தில்தான். மார்ஜ் வீட்டிலிருந்து ரேடியோவில் அவரைக் கேட்டுக்கொண்டே இருப்பார். எங்கே பறக்கிறார், எப்போது இறங்குவார் என்று மணி பார்த்துக் குறித்துவைக்கிற அந்த வேலையையும் நான் ஊழியம் என்றே சொல்வேன்.

போன வருஷத்திலேயே, அதாவது 1948 டிசம்பர் கடைசியில், கீட்டோ நகரத்தில் கீழ்நோக்கி அழுத்திய காற்றில் மாட்டி விமானம் விழுந்தது. முதுகில் அடி. உடம்பைச் சுற்றி மாவுக்கட்டோடு பல நாள் இருந்தார். எழுந்ததும் பழையபடி பறக்கத்தான் போனார். பயம் இல்லாமல் போகவில்லை. எதில் சாவு வருமோ அதை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்தார். ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு எரிபொருள் நின்றுபோனால் கீழே மரம்தான். அதற்காகச் சமையலறை எண்ணெய் டின் மாதிரி ஒரு சின்ன டாங்கியை வெளியே பொருத்தி, அதிலிருந்து தனிக்குழாய் எஞ்சினுக்குப் போகும்படி செய்தார். பறக்கும்போதே முதல் டாங்கியை அடைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடியது.

இன்னொன்று அவர் கண்டுபிடித்த வாளி. விமானம் வட்டமடிக்கும்போது நீளமான கயிற்றில் ஒரு வாளியைக் கீழே விட்டால், காற்று கயிற்றைப் பின்னுக்கு இழுத்து உள்பக்கமாகச் சுருட்டும். அடிநுனியில் உள்ள வாளி வட்டத்தின் நடுவில் ஏறக்குறைய அசையாமல் தொங்கும். இறங்க இடமில்லாத இடத்தில் மனுஷர் கையில் மருந்தைக் கொடுக்கலாம். திரும்ப எதையாவது வாங்கிக்கொள்ளவும் செய்யலாம்.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

நம்ம ஊரில் இரும்புப் பட்டை போட்ட பழைய மாட்டுவண்டி ஆற்றுமணலில் இறங்கினால் என்ன ஆகும்? புதையும். டயர் வண்டி வந்தபிறகு மாடு பிழைத்தது. விமானமும் அப்படித்தான். டயருக்குள் இருக்கிற காற்றழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தத்தில்தான் அது தரையை மிதிக்கிறது. அழுத்தத்தைப் பாதியாக்கினால் தரையில் படும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். ஆனால் சின்ன டயரில் காற்றைக் குறைத்தால் கல்லில் பட்டு ரிம் நசுங்கும். ஆகவே பெரிய, கொழுத்த டயர் வேண்டும். 1930ஐ ஒட்டிய வருஷங்களில் குட்இயர் கம்பெனி ஏர்வீல் என்ற பெயரில் அப்படிப்பட்ட டயரை விற்றது. பிற்பாடு அலாஸ்காவில் ஆற்றங்கரைக் கற்களில் இறங்குகிற பைலட்டுகள் இன்னும் பெரியதைப் போட்டார்கள். கரடுமுரடான ஓடுபாதைக்குப் போகிற சிறு விமானங்களில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். பள்ளத்தில் விழாமல் தாண்டும். புரொப்பெல்லரும் தரையிலிருந்து கொஞ்சம் உயரும்.

ஆனால் எதுவும் சும்மா வருமா? டயர் பெரிசானால் எடை கூடும். காற்றில் இழுவை கூடும், வேகம் குறையும். சக்கரத்தின் விட்டம் கூடுவதால் அதே பிரேக் முன்புபோல் பிடிக்காது. டயரில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் மருந்துப் பெட்டியிலிருந்து குறைகிற கிலோ. இந்தக் கணக்கைப் போடாமல் காட்டு பைலட் யாரும் பறக்கமுடியாது.

நேட் ஓட்டியது மஞ்சள் நிற பைப்பர் பேமிலி குரூசர். நாலு சீட், 115 குதிரைசக்தி, பாரத்தோடு மொத்தம் 840 கிலோதான். முன்னால் இரண்டு சக்கரம், வாலில் குட்டிச் சக்கரம். இந்த மாதிரி விமானத்துக்கு எமன் பள்ளம் அல்ல, இளகின மண். முன்சக்கரம் சட்டென்று சிக்கினால் வால் தூக்கி மூக்கு குத்திவிடும். சில நேரம் தலைகீழாகவே புரளும்.

1955 அக்டோபரில் நேட்டும் நண்பர்களும் வாளியில் பரிசுகளை வைத்து ஒரு ஜனத்துக்கு இறக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு வெளியார் அவர்களை அவுக்கா என்றார்கள். அது இழிவான பேர். வாவ்ரானி என்பதே அவர்கள் பேர். வெளியாரையும் தங்களுக்குள்ளும் ஈட்டியால் கொன்றுவந்தவர்கள். அலுமினியப் பாத்திரமும் பொத்தானும் கீழே போயின. சில வாரத்தில் கீழேயிருந்து இறகுக் கிரீடமும் கிளியும் மேலே வந்தன.

இறங்க ஒரே இடம் குராராய் ஆற்றில் ஒரு மணல்திட்டு. ஏறக்குறைய இருநூறு கஜம். 1956 ஜனவரி 3ந் தேதி எட் மெக்கல்லியை ஏற்றிக்கொண்டு நேட் இறங்கினார். சக்கரம் மணலைத் தொட்டதும் தெரிந்துவிட்டது, மணல் மெத்தென்று இருக்கிறது. மறுபடி மேலே எழும்ப நேரமில்லை. வால் தூக்காதபடி கம்பியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் இளகின இடம் இருந்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். விமானம் நின்றது.

இறங்கியாயிற்று, ஏறவேண்டுமே! எட்டைத் தனியே மணலில் விட்டுவிட்டு, வெறும் விமானமாக ஓட்டினார். மணல் சக்கரத்தைப் பிடித்து இழுத்தது. இப்போது எழும்பாவிட்டால் இருவரும் அந்தக் காட்டில் மாட்டிக்கொள்வார்கள். எழும்பியது. ஜிம் எலியட், ரோஜர் யூடேரியன், பிறகு பீட்டர் பிளெமிங் என்று மாறி மாறிக் கொண்டுவந்தார். மரத்தில் 35 அடி உயரத்தில் பலகைக் குடில் கட்டினார்கள். ராத்திரி விமானத்தை மணலில் விட்டுவைக்க நேட் துணியவில்லை. தினமும் மாலையில் பீட்டரோடு அராஹூனோவுக்குப் பறந்து, காலையில் திரும்பி வருவார்.

6ந் தேதி மூன்று வாவ்ரானியர் வந்தார்கள். ஒரு வாலிபன் விமானத்தில் ஏறித் தன் கிராமத்துக்கு மேலே பறந்து சத்தம்போட்டான். 8ந் தேதி ஞாயிறு மதியம் நேட் ரேடியோவில் மார்ஜோடு பேசினார். அடுத்து மாலை நாலரை மணிக்குப் பேசுவதாக ஏற்பாடு. மார்ஜ் நாலரைக்குக் காதை வைத்துக் கேட்டார். சத்தமில்லை. மறுநாள் காலை சக விமானி ஜானி கீனன் பறந்துபோய்ப் பார்த்தபோது விமானம் மணலில் நின்றது, மேல்துணி உரிக்கப்பட்டு வெறும் எலும்புக்கூடாக. ஐந்து பேரும் ஈட்டியால் குத்தப்பட்டு மரித்திருந்தார்கள். நேட்டுக்கு வயது 32. மூன்று சின்னப் பிள்ளைகள்.

1958ல் நேட்டின் அக்காள் ரேச்சலும், ஜிம்மின் விதவை எலிசபெத்தும் அந்த ஜனத்தோடேயே போய் வசித்தார்கள். ஈட்டி எடுத்தவர்களில் பலர் அதைக் கீழே போட்டார்கள். 1965ல் நேட்டின் மகள் கேத்தியும் மகன் ஸ்டீவும் அதே குராராய் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள். கொடுத்தவர்கள் கிமோவும் தியுவியும். அன்று மணல்திட்டில் ஈட்டியோடு நின்றவர்கள் அவர்கள்.

ஆறு அந்த விமானத்தை மணலுக்குள் இழுத்துக்கொண்டது. 1994ல் மணல் விலகியபோது அதன் இரும்புச் சட்டம் தெரிந்தது. தோண்டி எடுத்தார்கள். அமெரிக்காவில் ஐடஹோ மாகாணத்தில் நாம்பா என்ற ஊரில், அந்த விமான ஊழியத்தின் தலைமையகத்தில் அதை வைத்திருக்கிறார்கள்.