ரொட்டி வண்டியில் போன சிறுவன்

1896-ம் ஆண்டு. லண்டன் நகரம். குதிரை பூட்டிய ரொட்டி வண்டி ஒன்று ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. அதில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சிட்னிக்கு 11 வயது. தம்பி சார்லிக்கு 7 வயது. ஹான்வெல் என்ற இடத்தில் இருந்த அனாதைப் பிள்ளைகள் பள்ளிக்கு அவர்களைக் கொண்டு போனார்கள்.

அவர்கள் அனாதைகள் அல்ல. தாய் இருந்தாள். வயிற்றுக்குப் போடத்தான் வழி இல்லை.

அந்தச் சிறுவன் சார்லிதான், பிற்காலத்தில் உலகத்தையே சிரிக்க வைத்த சார்லி சாப்ளின்!

பிரிந்த குடும்பம்

தாய் ஹன்னா மேடைப் பாடகி. தொண்டை கெட்டுப்போனதால் தொழில் போயிற்று. தந்தையும் பாடகர்தான். ஆனால் குடிகாரர். மனைவியைப் பிரிந்து போய்விட்டார். ஹன்னா துணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். அதுவும் போதவில்லை. மூவரும் ஏழைகள் விடுதியில் சேர்ந்தார்கள். அங்கே தாய் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம்.

1898-ல் மறுபடியும் அதே கதி வந்தது. பிள்ளைகளைப் பார்க்காமல் ஹன்னாவால் இருக்க முடியவில்லை. விடுதியை விட்டுப் போவதாகச் சொல்லி அவர்களை வெளியே அழைத்து வந்தாள். போக வீடு ஏது? பூங்காவில் உட்கார்ந்தார்கள். சிட்னியிடம் இருந்த சில்லறைக்குச் செர்ரிப் பழம் வாங்கித் தின்றார்கள். காகிதத்தைச் சுருட்டிப் பந்து விளையாடினார்கள். பொழுது சாய்ந்ததும் விடுதிக்கே திரும்பினார்கள்.

பிறகு ஹன்னாவின் புத்தி பேதலித்தது. 1901-ல் குடி, தந்தையின் உயிரைக் குடித்தது.

வளர்ப்புப் பிள்ளை

சார்லி வளர்ந்து, அமெரிக்கா சென்று, பெரிய நடிகர் ஆனார். பணம் குவிந்தது. 1919-ல் அவருக்கு முதல் குழந்தை பிறந்தது. மூன்றே நாளில் இறந்துவிட்டது.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ஒரு படம் எடுக்கத் தொடங்கினார். 'சிறுவன்' என்று பொருள்படும் 'தி கிட்' என்ற ஊமைப்படம் அது.

பெற்றவள் விட்டுச் சென்ற குழந்தை ஒன்று, ஏழை நாடோடியின் கையில் கிடைக்கிறது. அவன் அதைத் தன் பிள்ளையாக வளர்க்கிறான். ஐந்து ஆண்டுகள் கழித்து அதிகாரிகள் வருகிறார்கள். அனாதை விடுதிக்குக் கொண்டு போகப் பையனை வண்டியில் ஏற்றுகிறார்கள். பையன் கதறுகிறான். நாடோடி கூரை கூரையாகத் தாவி ஓடுகிறான். வண்டியில் குதித்துப் பிள்ளையை அணைத்துக் கொள்கிறான்.

நாடோடியாகச் சார்லியே நடித்தார். பையனாக நடித்தவன் ஜாக்கி கூகன். படம் 1921-ல் வெளிவந்தது. சிரிக்க வந்தவர்கள் அழுதார்கள். இதைத் தழுவி 1966-ல் தமிழில் வந்த படமே, எம்.ஜி.ஆர். நடித்த 'பெற்றால்தான் பிள்ளையா'.

ஹான்வெலுக்குப் போன ரொட்டி வண்டியைத் துரத்திக்கொண்டு யாரும் ஓடி வரவில்லை. படத்தில் வந்த பையனுக்கு, பெறாத தகப்பன் ஒருவன் ஓடி வந்தான்.

தாயும் மகனும்

அதே 1921-ல் சார்லியும் சிட்னியும் தாயை லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். கடற்கரை அருகே வீடு பார்த்து, கவனித்துக்கொள்ள ஆள் வைத்தார்கள். 1928-ல் ஹன்னா கண்ணை மூடினாள்.

அன்று பூங்காவிலிருந்து திரும்பிப் போக அவளுக்கு ஏழைகள் விடுதிதான் இருந்தது. கடைசிக் காலத்தில், பிள்ளைகள் கொடுத்த வீடு இருந்தது.