தட்டில் அடங்காத தோடி

அண்மையில் ஆனைக்குட்டத்தில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தோம். பந்தலில் நாதசுர இசை இருந்தது, ஊதுவோர் இல்லை! கைப்பேசியில் அடைத்துவைத்த இசை ஒலிபெருக்கி வழியே வந்துகொண்டிருந்தது. மைக்செட்டுக்காரர் வீட்டுத் திண்ணையில், அவர் தந்தையார் காலத்து இசைத்தட்டுகள் ஒரு தகரப் பெட்டியில் தூசு படிந்து கிடந்தன. பழைய இரும்புக்காரர்கூட எடுக்க மறுத்துவிட்டாராம். இரும்புமில்லை, பித்தளையுமில்லை; வெறும் அரக்குத்தானே! பெட்டியைக் கிளறினோம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி கைக்கு வந்தது. குப்பைக்குப் போகவிருந்தது யாருடைய மூச்சு என்பதை நாட்டாருக்குச் சொல்ல வேண்டாமா?

1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் திருமருகலில் பிறந்தார் அவர். முதலில் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். திருவாவடுதுறை மடத்து வித்துவானாயிருந்த தாய்மாமன் நடேச பிள்ளை அவரை வளர்த்தார். முதலில் கற்றது வாய்ப்பாட்டு, திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம். பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதசுரம். அவர் குழலில் மனிதக் குரலின் குழைவு இருந்ததென்றால், வித்து இங்கேதான் விழுந்தது.

அந்நாளில் நாதசுரக்காரரின் நிலை என்ன? கோயிலுக்கு அவர் வேண்டும். கல்யாணத்துக்கு அவர் வேண்டும். ஊர்வலத்தில் அவர் இசை முன்னே போகும். மரியாதை மட்டும் பின்னேயும் வராது! மேலுக்குச் சட்டையில்லை, துண்டு இடுப்பில். பாடுகிறவருக்கு மேடை, ஊதுகிறவருக்குத் தெரு. கலை ஒன்றுதான், பிறப்பைப் பார்த்துப் போட்ட பந்தி வேறு.

இந்தப் பந்தியில் உட்கார மறுத்தவர் இராஜரத்தினம். குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டார். பட்டுச் சட்டை அணிந்தார், ஷெர்வானியும் அணிந்தார். பாடகருக்கு உள்ள மேடை தனக்கும் வேண்டும் என்று கேட்டார், கேட்டதைப் பெற்றார். ஒத்துக் குழலை விலக்கித் தம்பூராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். ஆணவம் என்றனர் சிலர். ஆயிரம் ஆண்டு குனிந்த முதுகு நிமிர்ந்தால், பார்த்துப் பழகாத கண்ணுக்கு அது ஆணவமாகத்தான் தெரியும்!

குறையே இல்லாதவரா? இல்லை. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராமல் ஏமாற்றியதுண்டு. ஈட்டியது பெரிது, இறைத்தது அதைவிடப் பெரிது. ஆயினும் கருவியைக் கையிலெடுத்தால் பழுது சொல்ல ஆளில்லை.

கருவியையே மாற்றியவரல்லவா அவர்! அதுவரை வழங்கிய திமிரி நாயனம் குட்டையானது, உச்சக் குரல் கொண்டது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியுடன் கூடி, நீண்ட குழலும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாயனத்தை உருவாக்கினார். அந்த நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊதியவர் புகழ் பெற்றார். செதுக்கிய உழைப்பாளியின் ஊரும் புகழ் பெற்றது.

அந்தக் குழலில் தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் விரியும். எழுதிவைத்த பாட்டன்று, நின்ற இடத்தில் பிறக்கும் கற்பனை. அதை இசைத்தட்டில் பிடிக்க வந்தார்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் கொஞ்சமும். கடலைச் செம்பில் மொள்ளச் சொன்னார்கள்! அவரும் மொண்டு காட்டினார். அந்தச் செம்பளவுக்கே ஊர் ஊராய்க் கூட்டம் கூடிக் கேட்டது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசைக்கும் முதலில் இதே சிறைதான். 1948இல் அங்கே நெடுநேரத் தட்டு பிறந்தது. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. 1960 டிசம்பரில் ஆர்னெட் கோல்மன் எட்டுக் கலைஞரைக் கூட்டி, ஏறத்தாழ 37 நிமிடம் விட்ட இடம் தெரியாமல் ஊதிப் பதித்தார். அந்தப் புதுமை ஜாஸ் தட்டின் முதற்பதிப்பைத் தேடி, இன்றும் உலகெங்கும் அன்பர்கள் அலைகிறார்கள், பொன்போல் காக்கிறார்கள். ஜாஸ் கலைஞர் சார்லி மரியானோ நம் நாதசுரத்தையே கற்று, 1970களில் தம் தட்டுகளில் ஊதினார். அயலார் அருமை அறிந்தனர்!

நம் இராஜரத்தினத்துக்கு அந்த நெடுநேரத் தட்டு வாய்க்கவில்லை. நம் நாட்டில் அது பரவுமுன்பே, 1956 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையில் கண்மூடினார். 1940இல் வந்த காளமேகம் படத்தில் நடித்ததும், மூன்று நிமிடத் தட்டுகளும், வானொலிப் பதிவுகளுமே எஞ்சின. மாணவர் காருக்குறிச்சி அருணாசலம் 1962இல் கொஞ்சும் சலங்கை வழியே தென்பாண்டிச் சீமையின் மைக்செட்டுகளையெல்லாம் ஆண்டார்; 1964இல் அவரும் மறைந்தார்.

ஆகவே சொல்கிறோம்: தட்டுச் சேர்ப்பது பணக்காரர் பொழுதுபோக்கன்று. தீப்பெட்டி ஒட்டியவரும் வெடிக்குத் திரி வைத்தவரும் வேலை முடிந்து கேட்ட இசை அது. அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும், உடைந்தால் ஒட்டாது. பரணில் கிடப்பதைத் துடைத்து, நிமிர்த்தி, உறையிட்டு வையுங்கள். வைக்க இடமில்லையேல், சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களைக் கேளுங்கள். ஒரு முறையாவது ஊர் கூடிக் கேளுங்கள்.

ஆனைக்குட்டத்துத் தட்டு, உரியவர் இசைவோடு, இப்போது நம்மிடம் இருக்கிறது. இரைச்சல் உண்டு, கீறல் உண்டு. அவற்றுக்கு மேலே, குனியாத ஒரு மனிதரின் மூச்சும் உண்டு.