சுல்தான் கலாவூன் விட்டுச் சென்ற அமானிதம்

ஆயிரம் தீனாருக்கு விலைபோன ஓர் அடிமை பிற்காலத்தில் மிஸ்ரு நாட்டின் சுல்தானானார். அந்த விலையை வைத்தே அவரை ‘அல்அல்ஃபீ’, அதாவது ஆயிரத்துக்குரியவர், என்று அழைத்தனர். அவரே கிப்சாக் துருக்கியரான கலாவூன்.

தளபதியாக இருந்த காலத்தில் டமாஸ்கஸில் கடும் வயிற்றுவலி அவரைப் படுக்கையில் கிடத்திற்று. நூருத்தீன் ஸங்கீ 1154-ல் நிறுவிய மருத்துவமனையிலிருந்து வந்த மருந்தைக் கொண்டு அல்லாஹ் அவருக்கு ஷிஃபா அளித்தான். எழுந்து நடமாடியதும் அவ்விடத்தை நேரில் கண்டு வியந்தார். ஆட்சி தம் கைக்கு வந்தால் அப்படியொன்றைக் கட்டுவதாக நேர்ச்சை செய்துகொண்டார்.

1279-ல் ஆட்சி வந்தது. நேர்ச்சையை அவர் மறக்கவில்லை. ஹிஜ்ரி 683-ல் (கி.பி. 1284) கெய்ரோவில் மருத்துவமனை எழுந்தது. ஏழை, செல்வந்தர், ஆண், பெண், உள்ளூரார், வெளியூரார் என எவருக்கும் அங்கே இலவச சிகிச்சை. காய்ச்சலுக்கும் கண்நோய்க்கும் இருந்ததுபோலவே புத்தி பேதலித்தவர்களுக்கும் தனிப்பகுதி இருந்தது. அவர்களும் நோயாளிகளே என்பது அந்த ஏற்பாட்டின் பொருள். அன்றாடச் செலவுக்காகக் கடைகளையும் குளியல் கூடங்களையும் அவர் வக்பு செய்தார். 1290-ல் வஃபாத்தானார். அதே வளாகத்தில் அடக்கமானார்.

நூற்றாண்டுகள் கழிந்தன. வக்பின் வருமானம் தேய்ந்தது, கவனிப்பும் போயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற பிரயாணிகள் கண்டது, கழுத்தில் சங்கிலியோடு கிடந்த மனநோயாளிகளைத்தான்.

அந்தச் சங்கிலி நமக்கும் அந்நியமல்ல. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட முடியாமல் 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. துஆச் செய்வோம், மருந்தும் கொடுப்போம். கலாவூனுக்கு அல்லாஹ் ஷிஃபா அளித்ததும் மருந்தின் வழியாகத்தானே!

பனியன் தொழிலால் பரக்கத் பெற்ற திருப்பூர்ச் சகோதரர்களே! மனநோயாளியை டாக்டரிடம் அழைத்துச் செல்லும் நாளில் குடும்பத்துக்கு ஒரு ஷிப்டுக் கூலி போகிறது. பஸ் செலவு வேறு. இதற்கெனவே ஒரு கடையின் வாடகையை வக்பு செய்தால் என்ன? வக்பு செய்வதோடு கடமை தீர்ந்துவிடாது. முத்தவல்லி ஆண்டுதோறும் ஜமாஅத்தின் முன் கணக்கு வைக்க வேண்டும். இல்லையேல், மருந்து கொடுத்த இடத்திலேயே சங்கிலி வந்து சேரும்.

வல்ல அல்லாஹ் அமானிதம் பேணும் நல்லோராய் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.