அந்த 25 லட்சம் ஒளியாண்டு யார் போட்ட கணக்கு?

போன செமஸ்டர்ல எங்க கிளாஸ்ல ஒரு டீம் ஆக்டிவிட்டி. ஐந்து பேர் ஒரு குழு. ஒரு மணி நேரத்துல இணையத்தில் தேடி, வானியல் பற்றிப் பத்து தகவல் எடுத்துச் சொல்லணும். நீங்களும் இப்படி ஏதாவது செஞ்சிருப்பீங்க, என்ன நடந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து தேடி, சரிபார்த்து, அட்டவணை போடுவார். இன்னொருத்தர் முன்னாடி நின்னு பேசிக் கைதட்டு வாங்குவார். எங்க குழுவில் பேசினது நான். அட்டவணை போட்டவளோட பேர் ஸ்லைடிலேயே இல்லை.

எங்க நான்காவது தகவல் இது: ஆந்த்ரோமெடா கேலக்ஸி சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கு, அது நம்ம பால்வெளிக்கு வெளியே இருக்குன்னு காட்டினவர் எட்வின் ஹபிள். தகவல் சரிதான். ஆனா கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், அவ்ளோ தூரத்தை எந்த டேப் வச்சு அளந்தாங்கன்னு கேட்டான். நான் திருதிருன்னு முழிச்சேன். அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து தேடினப்போதான் ஹென்ரியட்டா லெவிட் யாருன்னு தெரிஞ்சது.

1868-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை 1892-ல் முடிச்சுட்டு, ஹார்வர்டு வானாய்வகத்தில் முதலில் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார். நோய் வந்து காது கேட்கிறது குறைஞ்சுக்கிட்டே போச்சு. அங்கே அவர் செஞ்ச வேலையின் பெயர் என்ன தெரியுமா? கம்ப்யூட்டர். அந்தக் காலத்தில் அது மெஷின் இல்லை, மனுஷங்க. இயக்குநர் எட்வர்டு பிக்கரிங் இந்த வேலைக்கென்றே பெண்கள் குழு ஒன்றை வைத்திருந்தார். டெலஸ்கோப்பை இயக்குவது ஆண்கள் வேலை. படம் பிடித்த கண்ணாடித் தட்டுகளைப் பார்த்துக் கணக்குப் போடுவது பெண்கள் வேலை. மற்றவர்களுக்கு மணிக்கு 25 சென்ட், லெவிட்டுக்கு 30 சென்ட்.

பெரு நாட்டின் அரெக்கிபாவில் ஹார்வர்டுக்கு ஒரு டெலஸ்கோப் நிலையம் இருந்தது. அங்கே எடுத்த தட்டுகள் லெவிட்டின் மேசைக்கு வரும். ஒரே வானப்பகுதியின் வெவ்வேறு நாள் படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, எந்தப் புள்ளி பெருசாச்சு, எது சிறுசாச்சுன்னு லென்ஸ் வச்சுப் பார்க்கணும். ஒளி கூடிக் குறையும் விண்மீன்கள் அப்படித்தான் சிக்கும். மகெல்லன் மேகங்கள் இரண்டில் மட்டும் 1,777 மாறும் விண்மீன்களை 1908-ல் பட்டியல் போட்டார். நாம பத்து தகவலுக்கே மூச்சு வாங்கினோம்!

அந்தக் கட்டுரையிலேயே ஒரு சின்னக் குறிப்பு வருது: பிரகாசமான விண்மீன்கள் மெதுவாகத் துடிக்குதுன்னு. 1912-ல் சின்ன மகெல்லன் மேகத்தின் 25 விண்மீன்களை எடுத்து அதை வரைபடமாவே போட்டுக் காட்டினார். ஒண்ணேகால் நாளில் ஒரு சுற்று முடிக்கும் விண்மீனும் அதில் உண்டு, 127 நாள் எடுப்பதும் உண்டு.

இதில் என்ன பெரிய விஷயம்? ராத்திரி மொட்டை மாடியில் நின்னு பாருங்க. மங்கலாத் தெரியும் விளக்கு பக்கத்தில் இருக்கிற சின்ன பல்பா, தூரத்தில் இருக்கிற பெரிய பல்பான்னு சொல்ல முடியாது. ஆனா எல்லா விளக்கும் ஒரே தூரத்து ஊரில் இருந்தா, பிரகாசமாத் தெரிவது நிஜமாவே பெரிய பல்புதான். சின்ன மகெல்லன் மேகம்தான் லெவிட்டுக்கு அந்த ஊர். இனிமே துடிப்பு நேரத்தை அளந்தா பல்பு எத்தனை வாட்ஸ்னு தெரிஞ்சுடும். எவ்வளவு மங்கலாத் தெரியுதுன்னு பார்த்தா தூரம் வந்துடும். டேப் கிடைச்சாச்சு.

அந்த 1912 அறிக்கையில் கையெழுத்து பிக்கரிங்குடையது. தயாரித்தவர் மிஸ் லெவிட்னு முதல் வரியிலேயே சொல்லியிருக்கார். அந்த நேர்மையைக் கொடுத்தே ஆகணும். ஆனா அதைத் தொடர்ந்து ஆராயும் வேலை லெவிட்டுக்குக் கிடைக்கலை. விண்மீன்களின் பிரகாசத்துக்கு அளவுகோல் தயாரிக்கும் வேலைதான் வந்தது. அதையும் பொறுமையாச் செஞ்சார்.

1913-லேயே ஹெர்ட்ஸ்பிரங் அந்த விதியை வச்சுத் தூரம் கணக்கிட ஆரம்பிச்சார். 1921 டிசம்பரில் லெவிட் புற்றுநோயால் இறந்தார், வயசு 53. 1923 அக்டோபரில், மவுண்ட் வில்சனில் ஆந்த்ரோமெடாவைப் படம் பிடித்த ஹபிள், அதற்குள் ஒரு துடிக்கும் விண்மீனைக் கண்டுபிடித்தார். லெவிட்டின் விதியைப் போட்டுப் பார்த்தா சுமார் 9 லட்சம் ஒளியாண்டு வந்தது. இந்த வகை விண்மீன்களிலேயே இரண்டு ரகம் இருக்குன்னு 1950-களில் பாடே கண்டுபிடிச்ச பிறகு அந்தத் தூரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. நம்ம ஸ்லைடில் இருந்த 25 லட்சம் அப்படித் திருந்தித் திருந்தி வந்த எண்.

1925-ல் ஸ்வீடனின் கணித மேதை மிட்டாக்-லெஃப்லர், நோபலுக்குப் பரிந்துரைக்கும் எண்ணத்தில் லெவிட்டுக்கே கடிதம் எழுதினார். அவர் இறந்து மூணு வருஷத்துக்கு மேல் ஆச்சுன்னு அவருக்குத் தெரியாது. இறந்தவர்களுக்கு நோபல் பரிந்துரை கிடையாது.

ஹார்வர்டின் அந்தக் கண்ணாடித் தட்டுகளை ஸ்கேன் செய்து இப்போ இணையத்தில் வச்சிருக்காங்க. அந்தப் பெண்கள் தட்டின் மேலேயே மையால் போட்ட வட்டங்களும் எண்களும் துடைச்சா போயிடும்னு, சுத்தம் செய்யும் முன்னாடியே தனியாப் படம் எடுத்து வச்சிருக்காங்க. இதை எனக்குத் தேடிக் கொடுத்ததும் அட்டவணை போட்டவதான். திருத்தின ஸ்லைடு நாலில் இப்போ லெவிட் பேர் இருக்கு, முதல் ஸ்லைடில் அவ பேர் இருக்கு. மார்க் போன மாசமே போட்டாச்சு.