கப்பலை விட்டிறங்கிய குருமட மாணவர்

1985ஆம் ஆண்டிலே, அயர்லாந்து நாட்டு இயேசு சபைக் குருவானவர் ஒருவர் தமது சபையின் மனையொன்றில் பழைய றங்குப்பெட்டியொன்றைத் திறந்தார். உள்ளே ஏறக்குறைய 42,000 புகைப்பட நெகட்டிவ்கள் இருந்தன. அவற்றை எடுத்தவர் மறைந்து 25 ஆண்டுகளாகியிருந்தன. அவரே வண. பிதா பிரான்சிஸ் பிறவுண்.

1880இல் கோர்க் நகரில் எட்டுப் பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்த இவர், பிறந்து சில நாட்களில் தாயையும், சிறு வயதிலேயே தந்தையையும் இழந்தார். தந்தையின் சகோதரரும் குளோயின் மேற்றிராணியாருமான றொபேட் பிறவுண் ஆண்டகை அவரைப் பராமரித்து, 1897இல் கமெரா ஒன்றையும் வாங்கிக் கொடுத்தார். அவ்வாண்டே பிரான்சிஸ் இயேசு சபையில் சேர்ந்தார்.

1912 ஏப்ரலில் ஆண்டகை அவருக்கு மற்றொரு பரிசளித்தார். டைட்டானிக் கப்பலின் முதற்பயணத்தில், இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் குயீன்ஸ்டவுண் துறைமுகம் வரை செல்வதற்கான சீட்டு அது. அப்போது பிரான்சிஸ் இன்னும் குருமட மாணவர். மேல்தளத்தில் பம்பரம் சுற்றும் சிறுவனையும், உடற்பயிற்சிக் கூடத்தையும், கம்பியில்லாத் தந்தி அறையையும் அவர் படமெடுத்தார். இரு காட்சிகள் ஒன்றன்மேலொன்றாய்ப் பதிந்துவிட்ட அந்தத் தந்தி அறைப் படத்தைத் தவிர, அவ்வறைக்கு வேறு படம் இன்று இல்லை.

உணவு மேசையில் அறிமுகமான செல்வந்தரான அமெரிக்கத் தம்பதியர், தங்களுடன் நியூயோர்க் வரை வருமாறும், போக வரச் செலவைத் தாமே ஏற்பதாகவும் அழைத்தனர். ஆசை யாருக்குத்தான் இராது? ஆயினும் அவர் மாகாண அதிபரிடம் தந்தி மூலம் அனுமதி கேட்டார். குயீன்ஸ்டவுணில் பதில் காத்திருந்தது: உடனே கப்பலை விட்டிறங்க வேண்டுமென்ற ஒரு வரிக் கட்டளை. ஏப்ரல் 11ஆம் நாள் அவர் இறங்கினார்.

ஏப்ரல் 15 அதிகாலையில் கப்பல் மூழ்கி, ஏறத்தாழ 1500 பேர் மாண்டனர். கப்பலிலிருந்த கத்தோலிக்க குருக்கள் மூவரும் அவர்களுள் அடங்குவர். அவர்களில் தோமஸ் பைல்ஸ் அடிகளார் உயிர்காப்புப் படகில் ஏற மறுத்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, மக்களோடு செபித்தபடியே உயிர்விட்டார். பிரான்சிஸ் எடுத்த படங்களோ உலகப் பத்திரிகைகளெங்கும் வெளிவந்தன.

கீழ்ப்படிந்தவர் பிழைத்தார் என்று இக்கதையை இத்துடன் முடித்துவிடலாம். ஆனால் அது முழுமையாகாது. 1915இல் குருப்பட்டம் பெற்ற அவரை, அதே கீழ்ப்படிதல் மறு ஆண்டே போர்முனைக்கு அனுப்பியது. படையினரின் ஆன்ம குருவாகப் பதுங்கு குழிகளில் பணியாற்றி, ஐந்து முறை காயமடைந்தார், நச்சுவாயுவாலும் தாக்குண்டார். பின்னர் உடல்நலத்திற்காக ஆஸ்திரேலியா சென்று திரும்பும் வழியில் நமது இலங்கையிலும் இறங்கிப் படமெடுத்தார்.

கப்பலில் நின்று மரித்த குருவும், இறங்கிப் பிழைத்த மாணவரும் தத்தம் கடமையையே செய்தனர். பலன் இறைவன் கையிலிருந்தது. பிதா பிறவுண் இதை உணர்ந்திருக்க வேண்டும். 1960இல் இறக்கும்வரை அத்தந்தியைத் தமது பணப்பையிலேயே அவர் வைத்திருந்தார்.