அரிசி முடிந்த கோட்டை: நான்காம் குஞ்சாலி மரைக்காரின் கடைசி வருடங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் ‘மரைக்கார்’ என்றால் யாருக்கும் கடல் நினைவுக்கு வராது. பள்ளிவாசல்தான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருப்பார்; பள்ளி நிர்வாகத்தில் அந்தக் குடியின் குரல் அவர்தான். இதே பட்டத்தைச் சுமந்த ஒருவரை 1600ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டிக் கொன்றார்கள். அவர்களுடைய ஏடுகளில் அவர் ஒரு கடற்கொள்ளையன்.

இன்று நிலைமை தலைகீழ். மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளமொன்றுக்குக் குஞ்சாலியின் பெயர். 2000ஆம் ஆண்டு குஞ்சாலி மரைக்காருக்கு இந்தியா முத்திரை வெளியிட்டது. 1967இல் ஒரு மலையாளப் படம் வந்தது. 2021இல் மோகன்லால் நடித்த பிரமாண்டமான படம் தமிழிலும் வந்தது. அதில் அவர் அரபிக்கடலின் சிங்கம். பாய்மரத்தில் தொங்கிச் சண்டை போடும் அந்த மனிதரை ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் கோட்டைக்குள் அரிசி முடிந்த கதையை எந்தச் சிங்கத்தின் மீதும் ஏற்ற முடியாது.

குஞ்சாலி என்பது ஒரு ஆளின் பெயரல்ல, பட்டம். கள்ளிக்கோட்டையை ஆண்ட சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களுக்கு அது வழங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் ஒருவர்பின் ஒருவராக நால்வர் அதைத் தாங்கினார்கள். நான்காமவர் மூன்றாமவரின் மருமகன். மகனை விட்டு மருமகனுக்கு எப்படிப் போனது என்று வேறு ஊர்க்காரர் கேட்கக்கூடும். தாய்வழியில் குடி எண்ணும் அம்பாறைக் கரையில் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மரைக்கார்களுக்கும் இலங்கைக்கும் தொடர்பு அதற்கும் முந்தியது. கோட்டை இராச்சியத்துக்கு எதிராகச் சீதாவாக்கையின் மாயாதுன்னைக்கு உதவப் புறப்பட்ட மரைக்கார்களின் கப்பற்படையை 1538இல் போர்த்துக்கேயர் இராமேஸ்வரத்துக்கு அருகே வேதாளையில் அழித்தார்கள். அந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்திருந்தால் இங்கே என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பது சுவாரஸ்யம். சரித்திரம் அப்படி எழுதப்படுவதில்லை.

இந்த மனிதர்கள் எப்படிக் ‘கொள்ளையர்’ ஆனார்கள்? ஒரு துண்டுக் கடதாசியால். ‘கர்த்தாஸ்’ என்பது போர்த்துக்கேயர் விற்ற கடல் பாஸ். இந்து சமுத்திரத்தில் எந்த வியாபாரக் கப்பல் ஓடுவதானாலும் அது வேண்டும். மிளகு போன்ற சரக்குகளை ஏற்றக்கூடாது. போர்த்துக்கேயத் துறையில் நின்று வரி கட்டிப் போக வேண்டும். பாஸ் இல்லாத கப்பல் பறிமுதல்; அதிலிருந்தவர்களுக்கு வாள், அல்லது அடிமை வாழ்வு. ஹஜ்ஜுக்குப் போன கப்பல்களும் தப்பவில்லை என்பதை மலபார் அறிஞர் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் தன் அரபு நூலில் பதிந்திருக்கிறார். நூற்றாண்டுகளாகத் தங்கள் முன்னோர் ஓடிய கடலில் ஓட நேற்று வந்தவனிடம் அனுமதி எடுக்க மறுத்தவர், அன்றிலிருந்து கடற்கொள்ளையர். பாஸ் இல்லாமல் ஊர் தாண்ட முடியாத காலத்தை நாமும் கண்டிருக்கிறோம்.

அதற்காக அவர்களுடைய வாழ்க்கையை அலங்கரிக்கவும் முடியாது. மரைக்கார்களின் பலம் பெரிய கப்பல்கள் அல்ல. துடுப்பால் ஓடும் ஒடுங்கிய, மேல்தட்டு இல்லாத படகுகள். ஆழமில்லாத ஆற்று முகங்களுக்குள் நுழைந்து மறைய அவற்றால் முடியும்; பறங்கியின் கனத்த கப்பலால் முடியாது. ஆனால் அந்தப் படகில் படுக்க இடமில்லை, சமைக்க இடமில்லை, வெயிலுக்கு நிழலில்லை. நாட்கணக்குக்குத் தண்ணீரும் சோறும் ஏற்ற முடியாததால் கரையை அண்டித்தான் ஓட வேண்டும். தென்மேற்குக் காற்று மூளும் மாதங்களில் மலபார்க் கரையில் கடலே இல்லை என்று அர்த்தம். படகுகள் மேட்டில் கிடக்கும், வீட்டில் கடன் ஏறும். பிடித்த சரக்கும் சினிமாவில் வரும் தங்கப் பெட்டியல்ல. பெரும்பாலும் அரிசி, துணி, மிளகு. பிடிபட்ட துடுப்பாளிக்கு எதிரியின் கப்பலில் சங்கிலியோடு இன்னொரு துடுப்பு காத்திருந்தது. சில ஆண்டுகள் கழித்து அந்தக் கரைக்கு வந்த பிரெஞ்சுப் பயணி பிரார்ட், கடலில் கொள்ளையராக இருப்பவர்களே கரையில் வியாபாரிகளாக இருப்பதைக் கண்டு வியந்து எழுதினார்.

அவர்கள் பிடித்த கப்பல்களில் இருந்தவர்கள் எல்லாம் பறங்கிகளும் அல்ல. மலபார் வியாபாரிகளின் கப்பல்களையும் குஞ்சாலி விடவில்லை என்கிறது கோவா ஏடு. எழுதியவர் எதிரிதான், கோவா ஆவணக் காப்பாளர் தியோகோ தோ கூத்தோ. குஞ்சாலியின் சொந்த வாய்மொழி ஒன்றும் நமக்கு மிஞ்சவில்லை. ஆனாலும் இதை முழுப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பசித்த படகு பாஸைப் பார்ப்பதில்லை. பறங்கியா, பக்கத்து ஊரா என்றும் எப்போதும் பார்ப்பதில்லை.

முறிவு கடலில் தொடங்கவில்லை. 1584இல் சாமூதிரி போர்த்துக்கேயரோடு சமாதானமாகி, பொன்னானியில் அவர்களுக்குப் பண்டகசாலை அமைக்க இடம் கொடுத்தார். மூன்றாம் குஞ்சாலி வடகரைக்கு அருகே, ஆறு கடலில் விழும் புதுப்பட்டணத்திலிருந்த தன் கோட்டையை இன்னும் பலப்படுத்திக்கொண்டார். 1595இல் அவர் இறக்க, மருமகன் வந்தார். இவர் தன்னை முஸ்லிம்களின் அரசன், இந்தியக் கடல்களின் அதிபதி என்று அழைத்துக்கொண்டார். சாமூதிரியின் யானையின் வாலை வெட்டினார் என்ற கதையும் அந்த ஏடுகளில் உண்டு. வால் உண்மையோ இல்லையோ, தனக்குக் கீழிருந்த ஒரு தளபதி அரசனாவதைச் சாமூதிரியால் பொறுக்க முடியவில்லை. நூறு வருடமாகத் தன் எதிரியாயிருந்தவனோடு கைகோர்த்தார்.

1599 மார்ச்சில் கடலால் போர்த்துக்கேயர், தரையால் சாமூதிரியின் நாயர் படை. கடற்பக்கத் தலைவர் லூயிஸ் த காமா, வாஸ்கோ த காமாவின் பரம்பரை. தாக்குதலுக்கான தீச் சமிக்ஞை நேரம் தவறியது. ஒரு பக்கம் இறங்க, மறு பக்கம் இறங்கவில்லை. பின்வாங்கும்போது படகுக்கு ஓடிய பலர் தண்ணீரில் மூழ்கினார்கள். கோவாவுக்கு அது பெரும் அவமானம்.

அடுத்து அனுப்பப்பட்டவரின் பெயரை யாழ்ப்பாணத்தார் அறிவார்கள்: அந்திரே பூர்த்தாடோ த மென்டோன்சா. 1591இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து, புவிராச பண்டாரத்தைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் ஏற்றியவர். அந்தப் பயணத்தில்தான் குஞ்சாலிகளின் தளபதி குட்டி மூசாவின் படகுகளையும் நம்முடைய மேற்குக் கடலில் அவர் அழித்தார். நல்லூருக்கும் புதுப்பட்டணத்துக்கும் ஒரே தளபதி. தமிழ் மன்னன் கதையும் முஸ்லிம் மாலுமி கதையும் நம் பாடப்புத்தகங்களில் தனித்தனியே கிடக்கின்றன.

பூர்த்தாடோ அவசரப்படவில்லை. 1599 டிசம்பர் முதல் ஆற்று முகத்தை அடைத்தார். கரையோரச் சிற்றரசர்கள் குஞ்சாலிக்கு உதவாதபடி பார்த்துக்கொண்டார். தரைப்பக்கம் சாமூதிரி. உள்ளே அரிசி குறைந்தது, பிறகு முடிந்தது. உயிருக்குப் பங்கம் வராது என்று சாமூதிரி கொடுத்த வாக்கை நம்பி, 1600 மார்ச்சில் குஞ்சாலி சரணடைய இணங்கினார்.

முதலில் வெளியே வந்தவர் அவரல்ல. சுமார் நானூறு ஆண்கள், பலர் காயத்தோடு. பெண்கள், பிள்ளைகள். பிணங்கள் நடந்து வந்ததுபோல் இருந்தார்கள் என்ற பொருள்பட எதிரியே எழுதி வைத்திருக்கிறார். எங்கேயாவது போங்கள் என்று சாமூதிரி அவர்களை விட்டுவிட்டார். எங்கே போனார்கள், யார் வீட்டில் சோறு கிடைத்தது என்று எவரும் எழுதவில்லை.

கடைசியாகக் குஞ்சாலி வந்தார். ஐம்பது வயது, நடுத்தர உயரம், அகன்ற தோள். தலையில் கறுப்புத் துணி, கையில் நுனி தாழ்த்திய வாள். வாளைத் தன் அரசரிடம் கொடுத்தார். பக்கத்தில் நின்ற பூர்த்தாடோ அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். கொடுத்த வாக்கு மீறப்பட்டதென்று நாயர் வீரர்கள் கொதித்தார்கள். அவர்களை அடக்க வேண்டியிருந்தது. சாமூதிரி ஒரே ஆளைப் பற்றி இரண்டு பேருக்கு இரண்டு வாக்குக் கொடுத்திருந்தார். சரணடைந்தவருக்கு என்ன நடக்கும் என்ற கேள்வியோடு வாழும் குடும்பங்கள் இந்த இடத்தை வேறு மாதிரித்தான் வாசிக்கும்.

கோவாவில் அவர் தலை வெட்டப்பட்டது. உடல் நான்கு துண்டாகிக் காட்சிக்கு வைக்கப்பட்டது. தலையை உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பினார்கள், அங்குள்ள முஸ்லிம்கள் பார்த்துப் பயப்பட. கூடப் பிடிபட்டவர்களும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சினாலி என்ற சீனன் ஒருவன். மலாக்காவில் போர்த்துக்கேயரிடம் வேலைக்காரனாயிருந்து, குஞ்சாலியிடம் சிறைப்பட்டு, பின் அவருடைய தளபதியாகவே உயர்ந்தவன். எந்த நாட்டுக் கொடியின் கீழ் அவனை அடுக்குவது?

கோட்டை தரைமட்டமானது. அங்கே, கோட்டக்கல்லில், இன்று ஒரு சிறிய நினைவில்லமும் பள்ளிவாசலும் உண்டு.

குடும்பத்தில் ஒரு சிறுவன் மட்டும் வேறு வழியால் போனான். பிடிபட்ட அந்தப் பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, தோம் பேத்ரோ ரொத்ரிகஸ் என்று பெயரிட்டு, கோவாவில் வளர்த்து, போர்த்துக்கேய அநாதைப் பெண்ணொருத்தியை மணம் முடித்தும் வைத்தார்கள். வளர்ந்த பிறகு அவன் மலபாருக்குத் தப்பியோடினான். 1618 அளவில் படகுகளோடு அவன் போர்த்துக்கேயக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கியிருந்தான், கற்பிட்டிக் கடல்வரை வந்து.