இஷிரோ ஹோண்டா

இஷிரோ ஹோண்டா (மே 7, 1911 – பெப்ரவரி 28, 1993) ஜப்பானியத் திரைப்பட இயக்குனர் ஆவார். காட்சில்லா (1954) என்னும் திரைப்படத்தின் மூலம் உலகெங்கும் அறியப்பட்டவர்.

வாழ்க்கை

யமகட்டா மாகாணத்தில் பௌத்த மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். நிகோன் பல்கலைக்கழகத்தில் திரைப்படக்கலை பயின்றார். பலமுறை படைக்கு அழைக்கப்பட்டுச் சீனாவில் பணியாற்றியதால், இவர் முதல் கதைப்படத்தை இயக்க 1951 வரை காத்திருக்க நேர்ந்தது. நண்பர் அகிரா குரோசாவா 1943 இலேயே இயக்குனராகிவிட்டார். 1946 இல் நாடு திரும்பியபோது, அணுகுண்டால் அழிந்த ஹிரோஷிமாவை நேரில் கண்டார்.

காட்சில்லாவும் அமெரிக்கப் பதிப்பும்

1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது படிந்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான காட்சில்லாவில், இத்தகைய சோதனைகளால் நிலைகுலைந்த விலங்கே டோக்கியோவை அழிக்கிறது.

1956 இல் வெளியான அமெரிக்கப் பதிப்பு 96 நிமிடப் படத்தை ஏறத்தாழ 80 நிமிடங்களாகக் குறைத்தது. ரேமண்ட் பர் செய்தியாளராக நடித்த காட்சிகளை டெரி மோர்ஸ் இயக்கிச் சேர்த்தார். காயமுற்றோர் நிறைந்த மருத்துவமனைக் காட்சி இதிலும் உண்டு. ஆனால் நாகசாகியில் உயிர்தப்பிய பெண் தொடருந்தில் பேசும் பகுதி நீக்கப்பட்டது. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்சில்லா தோன்றலாம் என்னும் தொல்லுயிரியலாளரின் எச்சரிக்கையுடன் மூலப்படம் முடிகிறது. அமெரிக்கப் பதிப்போ ஆபத்து நீங்கியதாக அறிவித்து முடிகிறது. ஹோண்டா சொல்ல வந்ததே அந்த எச்சரிக்கைதான். மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியானது 2004 இலேயே.

இறுதிக்காலம்

1975 க்குப் பின் ஹோண்டா தாமாகப் படம் இயக்கவில்லை. ககெமுஷா (1980) தொடங்கி மததயோ (1993) வரை குரோசாவாவுக்குத் துணைநின்றார். மததயோ வெளிவரும் முன்னரே காலமானார்.